கெட்டுப்போன கடன் பெயர்: இலங்கை, இந்தியா, நம் பேராக்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில் விளக்குக் கம்பங்களில் ஒரு விளம்பரம் கண்ணில் படும்: இத்தனை வெள்ளி கட்டினால் ‘பிளாக்லிஸ்ட்’டிலிருந்து உங்கள் பெயரை எடுத்துத் தருகிறோம். ஒரு காசும் கொடுக்காதீர்கள். பேங்க் நெகாரா 2001 முதல் நடத்திவரும் சிசிரிஸ் கறுப்புப் பட்டியலே இல்லை. யாருக்கு எந்த வங்கியில் எவ்வளவு கடன், மாதாமாதம் கட்டினாரா என்று குறித்து வைக்கும் பதிவேடு அது. உண்மையான பதிவை எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தச் சொல்லி நீங்களே கேட்கலாம், செலவில்லை. இது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அப்படியே பொருந்தும். மூன்று நாட்டிலும் பதிவேட்டை வைத்திருப்பவர் தானாக எதையும் மாற்றுவதில்லை. கடன் கொடுத்தவர் சரி என்று சொன்னால்தான் மாறும். ஆனால் விழுந்த பெயர் எழுந்து நிற்க எத்தனை காலம் ஆகிறது, அதுவரை யார் கை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் மூன்றும் மூன்று விதம்.

முதலில் நம் நிலைமை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய பிறகு, பேராக்கில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிவந்தார்கள். தோட்டக் கடையில் ‘555’ குறிப்புப் புத்தகத்தில் எழுதிய கடன் கடைக்காரரோடு முடிந்தது; சம்பளம் பிந்தினால் வாய்ப்பேச்சில் தள்ளிவைக்கலாம். கூட்டு என்ற சீட்டு கட்டியதும் அப்படித்தான். 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அது ஓயவில்லை, எந்தப் பதிவிலும் ஏறவுமில்லை. ஒரு தவணை தவறாமல் வாழ்நாளெல்லாம் கூட்டுக் கட்டிய அம்மா வங்கிக்குப் போனால், அவருக்குக் கடன் வரலாறே இல்லை என்பார்கள். அவருடைய மகன் எடுத்த காருக்கு மட்டும் மாதாமாதம் குறிப்பு ஏறும்.

அப்படி ஒரு மகனின் அறிக்கையை அண்மையில் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கடனுக்கு எதிரே 12 கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. பாக்கி இல்லாத மாதத்தில் 0 இருக்கும், ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு என்றால் 2. அவருடைய மைவி கார்க் கடனில் வரிசையாக 1, 1, 1 என்றே இருந்தது. “மாசா மாசம் கட்டுறேனே அண்ணே, அப்புறம் ஏன்?” என்றார். கட்டியது உண்மைதான். எப்போதோ வேலை மாறிய மாதத்தில் ஒரு தவணை விட்டுப்போயிருக்கிறது. அதன்பின் அவர் கட்டிய ஒவ்வொரு தவணையும் முந்தின மாதத்துப் பாக்கிக்கே போயிருக்கிறது. விட்டுப்போன அந்த ஒரு தவணையையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால் அடுத்த மாதக் கட்டத்தில் 0 விழும். சிசிரிஸ் காட்டுவது கடைசி 12 மாதங்களைத்தான். புது மாதம் ஏறினால் பழைய மாதம் கழிந்துவிடும். ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் அந்த வரிசை முழுக்க 0. நம் தோட்டப்புறக் குடும்பங்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. பெயர் கெட்டால் கெட்டதுதான் என்று நினைத்து, உரிமமில்லா வட்டிக்காரரான ஆலோங்கிடம் போய்விடுகிறார்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

சிடோஸ் வேறு. அது 1990-இல் தொடங்கிய தனியார் நிறுவனம். வழக்கு, திவால் விவரங்களைச் சேர்த்து 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுகிறது. கடனை அடைத்து வழக்கு முடிந்திருந்தால், கடன் கொடுத்தவரிடம் கடிதம் வாங்கி அங்கே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அடைத்த கடனும் அடைக்காதது போலவே நிற்கலாம்.

இந்தியாவின் பதிவேட்டுக்கு நினைவு நீளம். சிபில் 2000-இல் தொடங்கியது, மதிப்பெண் 300 முதல் 900 வரை. தவணை எத்தனை நாள் பிந்தியது என்பதை 36 மாதங்களுக்குக் காட்டுகிறது. தகவலைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் பலர் சிக்குவது ‘செட்டில்டு’ என்ற குறிப்பில். கடன் அட்டைப் பாக்கிக்கு வசூல்காரர் போன் செய்து, பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம் என்பார். கட்டியவர் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார். சில ஆண்டு கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது, வங்கி அந்தக் குறிப்பைக் காட்டிக் கைவிரிக்கும். முழுதாக அடைத்த கணக்குக்கும் பாதியில் முடித்த கணக்குக்கும் அங்கே பெரிய வித்தியாசம் உண்டு. மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி, கணக்கு முடிந்தது என மாற்றச் சொல்லி வங்கியிடம் கேட்பதே வழி. மதிப்பெண் விழுந்தவர்கள் வங்கியில் நகைக்கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி ஏற்றிக்கொள்வதும் அங்கே நடக்கிறது. வங்கி நகைக்கடனும் பதிவில் ஏறுவதால் அது பலிக்கிறது. நம் தெருமுனை அடகுக்கடையில் தாலிக்கொடியை வைத்து மீட்டால் அந்த நன்மை கிடைக்காது.

நினைவு நீண்டாலும், இந்தியா நமக்கு இல்லாத ஓர் ஆயுதத்தைக் கடன் வாங்குபவர் கையில் கொடுத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட ஆணை 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அறிக்கையில் தவறு என்று புகார் செய்து 30 நாளில் தீராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும். அந்த 30 நாளில் வங்கிக்கு 21 நாள்தான். 21 நாளுக்குள் வங்கி பதில் அனுப்பாவிட்டால் இழப்பீடு வங்கியின் தலையில். பதிவேட்டு நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 100 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் வங்கிக் கிளைக்கும் தலைமையகத்துக்கும் நடையாய் நடந்தவருக்குத் தெரியும், கெடு ஒன்று இருந்தால் கடிதத்துக்குப் பதில் வரும் வேகமே வேறு.

இலங்கையின் பதிவேடும் பழையது. 1990-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கிரிப், தெற்காசியாவின் முதல் கடன் தகவல் பணியகம். தன் அறிக்கையைத் தானே வாங்கிப் பார்க்க இன்று அங்கே வழி உண்டு. திரும்பிய காசோலையும் அதில் ஏறும், அதனால் சிறு வியாபாரிகளுக்குக் கிரிப் என்றால் அச்சம். ஆனால் அங்கே தமிழர்களை அதிகம் வதைத்த கடன் வங்கிக்கு வெளியே இருந்தது. போருக்குப் பின் வடக்கு, கிழக்கு ஊர்களுக்குள் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. ஏற்கெனவே எத்தனை கடன் என்று பாராமல் ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நிறுவனங்கள் கொடுத்தன. வாரம்தோறும் வசூலுக்கு வாசலில் வந்து நின்றன. 2018-இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. அதுவும் போதாமல் 2021-இல் ஹிங்குரக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பதிவைப் பார்த்துக் கடன் கொடுத்திருந்தால் அவர்களில் பலர் இரண்டாவது கடனிலேயே தடுக்கப்பட்டிருப்பார்கள். பதிவேடு ஏழைக்கு எதிரி என்று நம்மிடையே சிலர் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்து மலையகத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான கொடுமையும் இருந்தது. தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு தர வேண்டும், அதைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ ஆளோடு தோட்டம் தோட்டமாகப் போனது. அதில் உள்ள தொகை சரியா என்று கேட்கத் தொழிலாளிக்கு வழி இல்லை. 1921-இல் சட்டம் அதை ஒழித்தது. மலாயாவுக்கு வந்த நம் பாட்டன்மாருக்கு 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றதால், அந்தக் கடனாவது தலையில் ஏறவில்லை. துண்டுக்கும் இன்றைய அறிக்கைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், நம் கணக்கை நாமே பார்த்து, தவறானால் மறுக்கலாம் என்பது. பார்க்காமல் இருந்தால் அந்த வித்தியாசமும் இல்லாமல் போகிறது.

நம் நாட்டின் தனிச் சிறப்பு ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. கடன் கட்ட முடியாதவருக்காக வங்கிகளோடு பேசி, தவணையைக் குறைத்து ஒரே திட்டமாக்கித் தருகிறது. கட்டணம் இல்லை. திட்டத்தில் சேர்ந்தால் அந்தக் குறிப்பு சிசிரிஸில் தெரியும், முடியும்வரை புதுக் கடன் கிடைப்பது கடினம். அதற்குப் பயந்து ஒதுங்குபவர்களிடம் நான் சொல்வது, ஆலோங்கின் வட்டியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான்.

நம் 12 மாத நினைவும் ஏகேபிகேயும் இந்தியத் தமிழருக்கும் இலங்கைத் தமிழருக்கும் கிடைத்தால் நல்லது. நமக்கு வேண்டியது அந்த 30 நாள் கெடுவும் நாளுக்கு இவ்வளவு என்ற இழப்பீடும். நுகர்வோர் கடன் சட்டம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது; அதையொட்டிப் பேராக்கின் தொகுதி உறுப்பினர்களிடமும் பயனீட்டாளர் சங்கங்களிடமும் இதைக் கேட்க வேண்டும்.