முதலாண்டோடு முடிந்துபோகும் பாடம்

சர்க்கரை பார்ப்பதற்கான ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விட வேண்டும் என்பது எந்த ஆஸ்பத்திரி நர்சுக்கும் தெரியும். குழாய்க்குள் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறது. எதற்காக என்று ஒரு ஹவுஸ் சர்ஜனைக் கேட்டால், “சுகர் சாம்பிளுக்கு அதுதான் சார்” என்ற பதில் வரவே வாய்ப்பு அதிகம். இத்தனைக்கும் முதலாண்டு உயிர்வேதியியலில், உடல் சர்க்கரையை உடைக்கும் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் மனப்பாடமாக எழுதித் தேறியவர் அவர். ஒன்பதாவது படியில் வேலை செய்யும் ஈனோலேஸ் என்ற நொதியை ஃபுளோரைடு முடக்குகிறது. ஃபுளோரைடு இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கிவிடும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அடைப்பு ஒன்பதாம் படியில் விழுவதால் மேலே உள்ள படிகள் உடனே நிற்பதில்லை. ஃபுளோரைடு சேர்த்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கிராமத்தில் எடுத்த ரத்தம் நகரத்து லேபுக்கு வந்து சேர நேரமாகும் ஊர்களில் இது வெறும் ஏட்டு விஷயம் அல்ல.

முதலாண்டில் படித்தது வார்டில் ஏன் கைகொடுப்பதில்லை என்ற கேள்வியை மதுரையில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும் முன்பே, 2022-இல், முதல் 50 மாணவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு தொடங்கியது. கட்டடத்தைப் பற்றி எல்லாக் கட்சிகளும் பேசித் தீர்த்துவிட்டன. அதற்குள் என்ன, எப்படிக் கற்பிக்கப் போகிறார்கள் என்று பேசியவர்கள் குறைவு.

மருத்துவத்துக்கு உயிர்வேதியியல் அடிப்படை என்பதை மறுக்க முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் உடுத்தியதால் முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். என்ற கீழ்நிலைச் சான்றோடு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் ஒருவரே போதும் சாட்சிக்கு. ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியலாளருடன் சேர்ந்து 1925-இல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறை உலகம் முழுக்க லேப்களுக்குப் போனது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் நடந்த ஆய்வில் பிறந்ததுதான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மூன்று மாதச் சர்க்கரை என்று எல்லோரும் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி.யை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினில் சர்க்கரை தானாகப் போய் ஒட்டிக்கொள்வதை அளக்கும் சோதனை அது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிபவர்களுக்குக் குறைத்துக் காட்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரிப்போர்ட்டில் 6.6 என்று அச்சாகி வந்ததும் மாத்திரை எழுதுகிற டாக்டருக்கும், “ஹீமோகுளோபின் எவ்வளவும்மா?” என்று கேட்கிற டாக்டருக்கும் நடுவே இருப்பது இந்த ஒரு பாடம்தான்.

கீட்டோன் விஷயமும் அப்படியே. சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கும் ரோத்திரா சோதனையில் ஊதா வளையம் வந்தால் பாசிட்டிவ் என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதுகிறார்கள். அந்தச் சோதனை அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனைப் பிடிக்கும். பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டைப் பிடிக்காது. சர்க்கரை முற்றி மயக்க நிலையில் வருபவரின் உடம்பில் அதிகமாக இருப்பதோ இரண்டாவதுதான். இன்சுலின் வேலை செய்யத் தொடங்கியதும் இரண்டாவது முதலாவதாக மாறும். நோயாளி தேறிவரும் வேளையில் சிறுநீர்ச் சோதனை மோசமாவதுபோல் காட்டும். இது தெரியாதவர் தேவையில்லாமல் பதறிவிடுவார்.

பாடத்தில் பழுதில்லை. அதை வைத்திருக்கும் இடத்தில்தான் பழுது. 1997 மருத்துவக் கல்வி விதிமுறைகளில் படிப்பின் முதல் கட்டம் ஒன்றரை ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருங்கியது. 2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டம் உயிர்வேதியியலுக்கு 250 மணி நேரம் ஒதுக்கியது; அதில் விரிவுரை 80 மணி, சிறு குழுக் கற்றல் 150 மணி. தாளில் நல்ல கணக்கு. மாணவர்களை ஆரம்பத்திலேயே வார்டுக்கு அழைத்துப் போகச் சொல்வதும் நல்ல எண்ணம். ஆனால் ஆண்டுக்கு 250 பேர் சேரும் மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் எது சிறு குழு? லாக்புக்கில் கையெழுத்து விழுந்துவிடும், கற்றது எவ்வளவு என்பது வேறு கதை. நோயாளியைத் தொட்டறியாத வயதில் படித்த கிரெப்ஸ் சுழற்சி, நோயாளி எதிரில் வரும்போது நினைவில் இருப்பதில்லை.

செய்முறை வகுப்பைக் கேலி செய்வோரும் உண்டு. நீல நிற பெனடிக்ட் கரைசல் 5 மில்லியில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சி, அது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறுவதைப் பார்ப்பது இந்தக் காலத்துக்கு எதற்கு, ஸ்ட்ரிப் இருக்கிறதே என்பார்கள். பாதி நியாயம். ஸ்ட்ரிப் குளுக்கோஸை மட்டும் காட்டும். பெனடிக்ட் ஒடுக்கும் சர்க்கரை எல்லாவற்றையும் காட்டும். பால் குடித்ததும் வாந்தியும் மஞ்சள்காமாலையுமாகத் துவளும் பச்சைக் குழந்தைக்கு ஸ்ட்ரிப் நெகட்டிவ், பெனடிக்ட் பாசிட்டிவ் என்றால் கேலக்டோசீமியாவோ என்று சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்தைச் சொல்லி நடத்தினால் அந்தக் கரைசலுக்கு இன்னும் மரியாதை உண்டு. சொல்லாமல் நடத்துவதால்தான் சடங்காகிவிட்டது.

இந்தப் பாடத்தை யார் நடத்துவது என்ற சண்டையும் ஓயவில்லை. எம்.டி. இல்லாத எம்.எஸ்சி., பி.எச்டி. ஆசிரியர்கள் ஒரு காலத்தில் இத்துறையில் பாதி வரை இருக்கலாம் என்றிருந்தது. 2020-இல் 15 சதவீதமாகக் குறைத்தார்கள், 2025-இல் 30 சதவீதமாக உயர்த்தினார்கள். சோதனையின் உள்வேலை அவர்களுக்குத் தெரிந்த அளவு பல டாக்டர்களுக்குத் தெரியாது என்பது என் கருத்து. அவர்களை வார்டுக்குள் விடாத வழக்கம்தான் தவறு.

    

தேசிய மருத்துவ ஆணையம் உயிர்வேதியியலுக்கான நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதில் 50 மணியை எடுத்து இறுதியாண்டுக்கும் ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கும் மாற்றட்டும். அன்றைய வார்டு ரிப்போர்ட்டுகளை வைத்து, லேபிலேயே, உயிர்வேதியியல் ஆசிரியரும் மருத்துவப் பிரிவு ஆசிரியரும் சேர்ந்து நடத்தட்டும். ஆண்டுக்கு 50 பேர் என்று தொடங்கிய தோப்பூர் கல்லூரி இதை முதலில் செய்து பார்க்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.