ஹவு: பரிசின் ஆவியா, காட்டின் விளைச்சலா?

நம்மில் பலருக்கு மாவோரிகள் அறிமுகமானதே மார்செல் மோஸ் பரிசு பற்றி 1925இல் எழுதிய கட்டுரை வழியாகத்தான். பெற்றவன் ஏன் திருப்பித் தந்தாக வேண்டும்? பொருளுக்குள் 'ஹவு' என்றொரு ஆவி இருக்கிறது, அது பிறந்த இடத்துக்குத் திரும்பத் துடிக்கிறது என்பது மோஸின் பதில். அழகான பதில்தான். ஆனா மாவோரி ஆள் சொன்னது இதுதானா?

சொன்னவர் தமாத்தி ரனாபிரி. மாவோரி மொழியில் அவர் எழுதியதை எல்ஸ்டன் பெஸ்ட் 1909ஆம் ஆண்டுக்கான ஆய்வுத் தொகுதியொன்றில் வெளியிட்டார். ரனாபிரி விளக்க வந்தது பறவை பிடிக்கும் சடங்கை. தொஹுங்கா எனும் சடங்கறிஞர் 'மவுரி'யைக் காட்டில் வைக்கிறார், பறவைகள் பெருகுகின்றன. வேடர்கள் ஒரு பங்கைத் திருப்பித் தர, தொஹுங்காக்கள் அதைப் புனித நெருப்பில் சமைத்து உண்கிறார்கள். ஹவுவுக்கு ஊட்டுதல் என்று இதற்குப் பெயர். இதைப் புரியவைக்க ஓர் உவமை சொல்கிறார்: நீ தந்த பொருளை நான் மூன்றாமவனுக்குத் தந்தேன், அவன் பதிலுக்கு ஒன்று தந்தான், அதை நானே வைத்துக்கொண்டால் எனக்குக் கேடு, சாவுகூட வரும்.

மோஸ் உவமையை எடுத்துக்கொண்டார், காட்டை விட்டுவிட்டார். மார்ஷல் சாலின்ஸ் 1972இல் காட்டை மீட்டார். திருப்பித் தருவதை விளக்க ஆவி போதுமென்றால் மூன்றாமவன் எதற்கு? ஹவு இங்கே விளைச்சல், பெருக்கம். அடுத்தவன் தந்ததில் விளைந்ததை நீ அமுக்கிக்காதே என்பதே அறம். இந்த வாசிப்பு எனக்கு ஏற்புடையது.

என் கேள்வி பிரதிக்கு வெளியே இருக்கிறது. அந்தத் தொஹுங்கா என்ன ஆனார்? 1907இல் நியூசிலாந்தில் தொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம் வந்தது. அமானுஷ்ய சக்தியால் நோய் தீர்ப்பதாகவோ வருங்காலம் உரைப்பதாகவோ சொல்லி மாவோரிகளைத் திரட்டினால் தண்டனை. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ஜேம்ஸ் கரோலும் மாவோரிதான். போலி வைத்தியத்தில் மக்கள் சாகிறார்கள் என்ற கவலை பொய்யல்ல. ஆனால் அதன் இலக்குகளில் ஒருவர் ருவா கெனானா: பறிபோன நிலம் திரும்பும் என்று சொன்ன தூஹோய் தீர்க்கதரிசி. அதையும் சேர்த்துத்தான் படிக்கணும். சட்டம் 1962 வரை நீடித்தது.

ஆக, மோஸ் பாரிஸில் ஹவுவைக் கோட்பாடாக்கியபோது, ஹவுவுக்கு ஊட்டியவரின் மருத்துவமும் குறிசொல்லலும் சொந்த மண்ணில் குற்றம். ரனாபிரியின் நியாயப்படி, எடுத்ததில் விளைந்தது திரும்பியாகணும். மாவோரிச் சொல்லில் விளைந்த கோட்பாடு யாரிடம் திரும்பியது? மோஸை மேற்கோள் காட்டுகிற நண்பர்கள் இந்தக் கேள்வியையும் சுமக்கட்டும்.