இட்லி ஏறிய சைக்கிள்

மும்பையின் தாராவியில் விடியும் முன்பே இட்லிச் சட்டிகள் அடுப்பேறிவிடும். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து குடியேறிய தமிழர்கள் வேரூன்றிய இடம் அது. வெந்த இட்லிகள் சைக்கிளில் ஏறி சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று புறப்படுகின்றன.

அந்தச் சைக்கிளில் சுமை ஏற்றுவதே ஒரு கலை. பின் கேரியரில் அகலமான அலுமினியப் பாத்திரம். அதற்குள் ஈரத்துணி போர்த்திய இட்லி, ஓர் ஓரமாக மெதுவடை. கனமெல்லாம் பின் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் முன்சக்கரம் தூக்கும், ஹேண்டில் ஆடும். பாத்திரத்தை இறுக்கிக் கட்டப் பழைய டியூப்தான் தோது: கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும், ரப்பர் இழுத்துப் பிடிக்கும். ஹேண்டிலில் சாம்பாருக்கு ஒரு தூக்கு, தேங்காய்ச் சட்னிக்கு ஒரு தூக்கு. இருபுறமும் எடை சமமாக இருந்தால்தான் வண்டி நேரே போகும். கூடவே கரண்டி, தட்டுகள், கட்டிக்கொடுக்கக் காகிதம், சில்லறைப் பை.

எல்லாவற்றுக்கும் மேலாக ரப்பர் பந்து வைத்த ஹாரன். ‘பாம் பாம்’ என்று கேட்டதும் மாடியிலிருந்து “அண்ணா!” என்று மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் கூப்பிடுவார்கள்.

மாட்டுங்காவில் 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸில் ஞாயிறன்று வரிசையில் நிற்பதும் சுகம்தான். ஆனால் வாசலுக்கே வரும் இந்த உணவகத்துக்கு இரண்டு சக்கரம் போதும். அடுத்த முறை ஹாரன் கேட்டால் பாத்திரத்தோடு இறங்குங்கள். சாம்பார் தாராளமாகவே கிடைக்கும்.