மீனின் மேல் ஒரு கட்டத்தாள்

உயிரியலில் கணிதத்திற்கு என்ன வேலை என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது, ஸ்காட்லாந்தின் விலங்கியல் பேராசிரியர் டார்சி தாம்சன் 1917-இல் வெளியிட்ட 'ஆன் குரோத் அண்ட் ஃபார்ம்' என்ற நூலைத்தான். கொடுக்கும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்வதுண்டு. அது பிறகு வருகிறது.

அளவைப் பற்றிய அத்தியாயமே நூலின் உயிர்நாடி. பாட்டி கதையில் வரும் அரக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற உடலமைப்பு, ஆனால் 10 மடங்கு உயரம். அவனுடைய எடை 1,000 மடங்காகும். கால் எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் நம் எலும்பைப்போல் 10 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். எழுந்து நின்றாலே அரக்கனுக்கு ஆபத்து! யானைக்கு மானின் கால்கள் ஏன் இல்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? கலிலியோ 1638-இலேயே சொன்ன கருத்து இது. தாம்சன் அதைத் தெள்ளுப்பூச்சி முதல் திமிங்கிலம் வரை கொண்டுசெல்கிறார். இங்கே கணிதம் காரணத்தைச் சொல்கிறது. எதனால் முடியாது என்பதையும் சொல்கிறது.

நூலுக்குப் புகழ் தேடித் தந்தது கடைசி அத்தியாயம். டயோடான் என்னும் முள் மீனைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டங்களின் நேர்கோடுகளை வளைகோடுகளாக மாற்றினால் அதன் உறவான சூரிய மீன் தோன்றுகிறது. பார்ப்பவர் வியந்து போவார். என் எச்சரிக்கை இந்த இடத்திற்குத்தான். முதிர்ந்த மீன் எதுவும் வளைந்து வேறொரு மீனாவதில்லை. மாற்றம் நிகழ்வது கருவில், செல்கள் பெருகும்போது. எந்த விசை, எந்தப் பொருள், எவ்வளவு நேரத்தில் என்ற கேள்விகளுக்குக் கட்டங்களில் விடையில்லை. மரபுப் பண்புகளுக்கு 1942-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் சிறிய இடமே. நீரில் இறங்கும் மைத்துளி ஜெல்லி மீனைப்போல் இருப்பதையும் தாம்சன் காட்டுகிறார். அழகான ஒப்புமைதான், ஆனால் உருவம் ஒன்றாக இருந்தால் காரணமும் ஒன்றாகிவிடுமா? கணினியில் ஒரு வளைகோட்டைப் பொருத்திவிட்டு உயிரின் இரகசியம் கிடைத்துவிட்டது என்று மகிழ்பவர்கள் இன்றும் உண்டு.

தாம்சன் விட்ட இடத்தில் தொடங்கியவர் ஆலன் டூரிங். 1952-இல் எழுதிய கட்டுரையில், வெவ்வேறு வேகத்தில் பரவும் இரு பொருள்கள் வினைபுரிந்தால் ஒரே சீரான பரப்பிலும் புள்ளிகளும் கோடுகளும் தோன்றலாம் என்று சமன்பாடுகளால் காட்டினார். அவற்றில் காலம் இருக்கிறது. எனவே தவறு என்று நிரூபிக்கவும் வழி இருக்கிறது. 1995-இல் ஜப்பானியரான கோண்டோவும் அசாயும் கடல் தேவதை மீனின் உடற்கோடுகளைக் கவனித்தார்கள். மீன் வளர வளரக் கோடுகள் அகன்றுகொண்டே போகவில்லை. இடையிடையே புதிய கோடுகள் புகுந்தன. சமன்பாடு சொன்னதும் அதுவே. அந்த இரு பொருள்கள் எவை என்ற கேள்வி அப்போதும் மிஞ்சியது.

முழு நூல் மிகப் பெரியது. ஜான் போனர் 1961-இல் சுருக்கித் தந்த பதிப்பே உங்களுக்குப் போதும். அளவு பற்றிய அத்தியாயத்தை இருமுறை படியுங்கள். மீன் படத்திற்கு வரும்போது கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, ஓரத்தில் 'எப்படி?' என்று எழுதி வையுங்கள்.