குதங்களும் கொட்டகைகளும்

திருகோணமலையில் உருக்குக் கொட்டகை போட நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை சதுர அடி போடலாம்?" என்றுதான். போடுவதுதான் போடுகிறோம், பெரிதாகவே போட்டுவிடுவோம் என்பது அடுத்த பேச்சு. இந்தப் பழக்கத்தை எடைபோடச் சீனன்குடாவுக்குப் போய் எண்ணெய்க் குதங்களைப் பார்த்தால் போதும்.

பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய குதங்கள் அவை. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர் கொள்ளும். சில பெரிய குதங்களாகக் கட்டியிருந்தால் குழாயும் வால்வும் குறைந்திருக்கும், தீந்தை பூசும் வேலையும் குறைந்திருக்கும். ஆனால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது 91ஆம் குதம் எரிந்து உருகியது, பெரும்பாலானவை தப்பின. எண்பது ஆண்டு கழித்து இன்னொரு பயனும் கிடைத்தது. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பங்கிட முடிந்தது. துண்டுகளாகக் கட்டியதால்தான் அப்படிப் பிரிக்க வழியிருந்தது.

மொத்த அளவில்தான் கணக்குப் பிசகிற்று. அது ஒரு பேரரசின் கப்பற்படைக்கான அளவு. 1957இல் கடற்படைத்தளம் கைமாறிய பின், குதங்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்தன. 2022இல் நாடே கானோடு வரிசையில் நின்றபோதும் அவற்றால் ஒரு சொட்டு உதவியில்லை. அன்று நமக்கில்லாமற் போனது டொலர். கொள்ளளவு எப்போதோ தேவைக்கு மிஞ்சிக் கிடந்தது.

கொட்டகைக்காரரும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். நீளத்தைக் கூட்டுவது ஒப்பீட்டளவில் மலிவு: இன்னொரு சட்டகத்தை நிறுத்தி, கூரைத் தகட்டைத் தொடரலாம். அகலம் அப்படியல்ல. அகலத்தை இரட்டித்தால், ஒவ்வொரு மீற்றருக்கும் அதே பாரமே என்றாலும், உத்தரத்தை வளைக்கும் திருப்பம் நான்கு மடங்காகும். நடுவில் தூண் வைத்தால் அதைக் குறைக்கலாம், ஆனால் லொறி திரும்ப இடமிராது. உயரம் கூடினால் காற்று பிடிக்கும். 1964 டிசெம்பர்ப் புயலைக் கண்ட கரை இது.

உப்புக் காற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். துறைமுகப் பக்கம் நானறிந்த ஒரு கொட்டகையில் பாதி இடம் வெறுமைதான். கூரைத் தகடு பளபளவென்றுதான் இருக்கிறது. திருகாணியின் தலையைச் சுற்றியோ துரு வளையம் போட்டுக் கீழே வழிந்திருக்கிறது. பயன்படாத பாதிக்கும் அதே துரு, அதே திருகாணி, அதே செலவு. "அடுத்த வருசம் நிரம்பும்" என்று உரிமையாளர் சொல்லி மூன்று மாரி போய்விட்டது.

சிறிதாகப் போட்டு நெருக்கடியில் தவிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களின் பயத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்காகப் பெரிதாகக் கட்ட வேண்டியதில்லை. அகலத்தையும் வாசலின் உயரத்தையும், பாரமேற்றிய லொறியை நிறுத்தி நாடா பிடித்து முதலிலேயே சரியாக முடிவு செய்யலாம். நீளத்தை இன்றைய சரக்குக்கு மட்டும் வைத்து, கடைசிச் சட்டகத்தையும் நடுச் சட்டகம் போல முழுப் பாரம் தாங்கக் கட்டச் சொல்லலாம். அதற்கு ஆகும் மேலதிக உருக்கு கொஞ்சம்தான். நிரம்பிய வருசம் அந்தப் பக்கத்துத் தகரச் சுவரைக் கழற்றி அடுத்த சட்டகத்தை நிறுத்திக்கொள்ளலாம்.