போய் வருதல்: விடைபெறு தொடர்களும் மொழிபெயர்ப்பும்

அன்றாடத் தொடர்களை மொழிபெயர்ப்பது எளிது என்னும் எண்ணம் உரையாடற் கையேடுகளால் வலுப்பெற்றது. ஒரு பக்கம் மூலத்தொடர், எதிரே அதற்கு இணையான தொடர் என அவை நிரல்படுத்துகின்றன. யார், யாரிடம், எங்கு நின்று கூறுகிறார் என்பதற்கு அந்நிரலில் இடமில்லை.

அண்டை மொழிகளில் இக்குறை வெளிப்படுவதில்லை. மைசூரு விஜயநகரில் கன்னட அண்டைவீட்டாரிடம் விடைபெறும் தமிழர் ‘ஹோகி பர்தீனி’ எனலாம். ‘போய் வருகிறேன்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பாகிய இதில் வடிவும் வழக்கும் ஒருங்கே பொருந்துகின்றன. ‘பர்தீனி’ என மட்டும் கூறி விடைபெறுவதும் தமிழின் ‘வருகிறேன்’ போன்றதே. அழைத்தவருக்கு விடையாகக் கன்னடத்தில் வரும் ‘பந்தெ’ என்னும் இறந்தகால வடிவமும் நமக்குப் புதிதன்று. ‘இதோ வந்துவிட்டேன்’ என நாமும் விரைவுப்பொருளில் இறந்தகாலத்தை ஆள்கிறோம்.

ஜப்பானிய மொழியில் நிலை வேறு. ‘இத்தே கிமாசு’ என்பதும் ‘போய் வருகிறேன்’ என்னும் அமைப்பே: ‘இகு’ (செல்) என்பதன் எச்சமும் ‘குரு’ (வா) என்னும் முற்றும் சேர்ந்தது. சுசுமு ஓனோ (1919–2008) முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை வரலாற்று மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும் தொடரமைப்பின் ஒப்புமை கண்கூடு. மொழிபெயர்ப்பாளரை மயக்குவதும் அவ்வொப்புமையே. ‘இத்தே கிமாசு’ தம் வீட்டினின்றோ அலுவலகத்தினின்றோ புறப்பட்டு அங்கேயே மீள்வோர் கூறுவது. இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என வழியனுப்புவர். விருந்தினர் அதனைக் கூறுவதில்லை. அவர் கூறும் ‘ஒஜாமா ஷிமாஷிதா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இடையூறு செய்துவிட்டேன்’ என்றாகும். தமிழ்க் கதையில் விருந்தினர் இவ்வாறு கூறின், வீட்டார் செய்த பிழை யாதோ என வாசகர் தேடுவர். அவ்விடத்துக்குரிய தமிழ் ‘போய் வருகிறேன்’ என்பதே.

இவ்வேறுபாட்டுக்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் ஒரு வழி காட்டுகிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் அது வரையறுக்கிறது. தமிழின் வரவு கேட்போரை நோக்கியும் அமையும் என்பது இதனாற் பெறப்படும். ஜப்பானியத்தின் ‘குரு’ பெரிதும் பேசுவோரின் இடத்தையே நோக்குவது. ஆகவேதான் அழைத்தவருக்கு நாம் ‘வருகிறேன்’ என்கிறோம். அவர்கள் ‘இமா இகிமாசு’, அதாவது ‘இப்போது செல்கிறேன்’ என்கின்றனர். விடைபெறும் தமிழ் விருந்தினரின் ‘வருகிறேன்’ என்பதும் ‘உம்மிடம் வருவேன்’ என்னும் முன்னிலை நோக்கினது என்றே எனக்குத் தோன்றுகிறது. மீண்டும் வரும் எண்ணம் அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். அது வாக்குறுதியன்று, வெறுமனே ‘போகிறேன்’ என்னும் அமங்கலத்தை விலக்கும் வழக்கு.

எந்தக் கையேடும் நிரல்படுத்த இயலாத ஓர் இடமும் உண்டு. துக்க வீட்டில் தமிழர் ‘போய் வருகிறேன்’ எனக் கூறுவதில்லை. மீண்டும் அத்தகைய வருகை நேரலாகாது என்பதனால் சொல்லாமலே எழுந்து செல்வர். தமிழ்ப் புதினமொன்றில் இக்காட்சி வரின், ஜப்பானிய வாசகர் அம்மௌனத்தைப் பண்பின்மையாகக் கொள்ள இடமுண்டு. ‘சொல்லிக்கொள்ளாமல், வழக்கப்படி’ என ஓரிரு சொற்களைத் தொடருக்குள்ளேயே சேர்த்தல் தகும். அடிக்குறிப்பை நான் விரும்பவில்லை. துக்கக் காட்சியின் நடுவே வாசகரைப் பக்கத்தின் அடிக்கு இறக்கக் கூடாது.