வந்தவர் கண்ட மன்னார்

மன்னாரைப் பற்றி எழுதப்பெற்று உலகெங்கும் பரவிய எழுத்துக்களுட் பெரும்பாலானவை மன்னாருக்குப் புதிதாக வந்தவர்களால் எழுதப்பட்டவை. வராமலே எழுதியவர்களும் உளர். இவ்வெழுத்துக்களைத் தனித்தனியே, அவ்வவ் ஆசிரியரின் வரலாற்றோடு வைத்துப் படிப்பதே வழக்கமாக இருந்துவந்துள்ளது. அவற்றை ஒருங்கு வைத்து, ஒரு நகரையும் அதன் கரையையும் புதியவர் எவ்வாறு அறிந்தனர், எதனை அறியாது போயினர் என்னும் வினாவோடு படிப்பின் வேறு சில உண்மைகள் புலனாகின்றன. அவற்றுள் ஒன்று இன்றைய மன்னார் மக்களின் நிலவுரிமை வரைக்கும் நீள்வது.

வராது பாடியோரை முதலில் நோக்கலாம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இராமேச்சரத்தில் நின்றவாறே கடலுக்கப்பாலுள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடினர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. எனினும் அவர்தம் பதிகங்களிற் பாலாவிக் கரையும் மரக்கலங்கள் மிகுந்த கடலும் இடம்பெறுகின்றன. மாதோட்டம் அங்கு ஒரு நகராகவே சுட்டப்படுகின்றது. கப்பலோட்டிகளும் வணிகரும் சொல்லக் கேட்ட செய்தி பாடலுள் வந்திருத்தல் கூடும். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் முதலியோர் மாந்தையில் நடத்திய அகழ்வுகளிற் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசியாவின் மட்பாண்டங்களும் ஒருங்கே கிடைத்தன. போரினால் இடைநின்ற அவ்வாய்வு 2013ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தது. கடல் கடவாத புலவர் கண்ட நகரைத் தொல்லியலாளரின் மண்வெட்டி மெய்ப்பித்தது எனலாம். இதற்கு நேர்மாறானது 1863இல் பாரிசில் அரங்கேறிய பிஸேயின் 'முத்துக்குளிப்போர்' என்னும் இசைநாடகம். அதன் கதை முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாகத் திட்டமிடப்பட்டுப் பின்னரே இலங்கைக்கு மாற்றப்பட்டது. நதீர், சூர்கா, லெய்லா என்னும் பெயர்களைக் கொண்ட மாந்தர் எந்தக் கரையில் நின்று பாடினாலும் அந்நாடகத்துக்குக் குறைவு ஏற்படாது. கேள்வியறிவும் கற்பனையும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்தாற் போதும்.

வந்தவர்களும் கண்ணாற் கண்டதையே எழுதினர் என்று கொள்வதற்கில்லை. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய 1560ஆம் ஆண்டிலேயே, மன்னார்க் கடலில் ஏழு கடல்மாந்தர் வலையில் அகப்பட்டனர் என்றும், கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அவ்வுடல்களை அறுத்துப் பார்த்து மனித உடலை ஒத்தனவெனக் கண்டார் என்றும் ஒரு கதை ஐரோப்பாவிற் பரவிற்று. 1859இல் 'இலங்கை' என்னும் இரு பாக நூலை வெளியிட்ட எமர்சன் ரெனன்ற் இக்கதையை எடுத்துக் கூறி, அதன் மூலம் கடற்பசுவே என விளக்குகின்றார். விளக்கம் சரியானதே. ஆயின் அப்பிராணியை ஆவுளியா என்று அழைத்து, அதன் வரவையும் மேய்ச்சலையும் அறிந்திருந்த கரையோர மீனவர் எக்காலத்தும் அதனை ஒரு கன்னியாகக் கண்டு மயங்கியதாகத் தெரியவில்லை. தவறும் திருத்தமும் வந்தவர்களுக்கிடையிலேயே நிகழ்ந்து முடிகின்றன. அறிந்தவனிடம் கேட்கும் வழக்கம் இருவரிடத்தும் இல்லை.

இவ்வரிசையில் மிகுந்த கவனத்துக்குரியவர் லெனாட் வூல்ஃப். குடியேற்ற ஆட்சியின் அலுவலருள் அவ்வாட்சியைத் தம் எழுத்தினால் வினாவுக்குட்படுத்தியவர் அவர். ஆகவே அவரிடத்துக் காணப்படும் குறை ஏனையோரிடத்துக் காணப்படும் குறையைப்போல் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1904 டிசெம்பரில் வோல்டேயரின் பெருந் தொகுதிகளோடும் ஒரு நாயோடும் இலங்கை வந்திறங்கிய அவர், 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்றார். 1906இல், இருபத்தைந்து வயதில், மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டார். இவ்வனுபவம் இருமுறை எழுத்தாயிற்று: முதலில், 1921இல் வெளிவந்த 'கீழைத்தேயக் கதைகள்' என்னும் சிறு தொகுதியில் 'முத்துக்களும் பன்றிகளும்' என்ற கதையாக, பின்னர், 1961இல் 'வளர்தல்' என்னும் தன்வரலாற்றுப் பாகத்தின் ஒரு பகுதியாக.

சலாபம் என்பது யாது? கடலடியிலுள்ள சிப்பிப் பார்கள் முதிர்ந்துவிட்டன எனக் கண்ட ஆண்டில், மணலும் பற்றையுமான கரையிற் கம்பும் ஓலையும் கொண்டு ஒரு நகரம் எழும். தமிழகக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளியாளிகள் வருவர். செட்டிமாரும் பம்பாய் வணிகரும் வருவர். பல்லாயிரம் பேர் சில வாரங்கள் வாழ்வர். கொட்டு எனப்படும் அடைப்பினுள் சிப்பிகள் எண்ணப்பட்டுப் பங்கிடப்படும். மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவனுக்கும் போவதே ஆங்கிலேயர் காலத்து வழக்கம். விற்ற சிப்பிகள் அழுக விடப்பட்டு, முத்துக்கள் கழுவி எடுக்கப்படும். அந்நாற்றமும் ஈக்களும் வூல்ஃபின் பக்கங்களில் வேண்டிய அளவு உள. சலாபம் முடிந்ததும் நகரம் கலையும்.

எல்லோரும் புதியவராய் இருந்த ஒரு நகரத்திலேயே வூல்ஃப் புதியவராக வந்து சேர்ந்தார் என்பது மனங்கொளத்தக்கது. கதையின் வலிமையும் இதிலிருந்தே பிறக்கின்றது. இங்கிலாந்தின் கடற்கரை விடுதியொன்றில், கீழைத்தேயத்தைக் காணாமலே அதனை ஆளும் விதம்பற்றிப் பேசும் கனவான்களுக்கு, அங்கு வாழ்ந்த முதிய அலுவலர் ஒருவர் சலாபக் கதையைக் கூறுகின்றார். கொள்கைகளோடு புதிதாய் வந்த இளம் அலுவலன் அங்கு நிலைகுலைகின்றான். குடியினாற் சித்தங் கலங்கி, தன் கொடுமைகளைத் தானே கூவி வெளியிட்டுச் சாகின்றான் ஒரு வெள்ளையன். அதே இரவிற் கடலில் இறந்த அராபியக் குளியாளியின் உடல் கரைக்குக் கொண்டுவரப்படுகின்றது. அவன் தோழர் அமைதியோடும் மாண்போடும் அவனை வழியனுப்புகின்றனர். எவர் நாகரிகர் என்னும் வினாவை வாசகர் தாமே கேட்டுக்கொள்ளுமாறு இரு மரணங்களும் எதிரெதிர் வைக்கப்படுகின்றன. ஆங்கிலப் பேரரசைப் பற்றி அக்காலத்தில் எழுந்த கதைகளுள் இத்துணைக் கூர்மையானவை சிலவே.

ஆயினும் அராபியனுக்குக் கிடைத்த மரணம் தமிழ்க் குளியாளிக்குக் கிடைக்கவில்லை. அவன் கூட்டத்தில் ஒருவனாகவே நிற்கின்றான். ஓசையாகவும் எண்ணிக்கையாகவுமே வருகின்றான். யாழ்ப்பாணக் கச்சேரியில் நாள்தோறும் மனுவோடு வந்து நின்ற மக்களின் மொழியைப் பேசியவன் அவன். ஆளப்படுபவனாக ஏலவே அறிமுகமானவன். அராபியனோ சலாபம் முடியக் கப்பலேறிப் போய்விடுபவன். போய்விடுபவனை வியப்பது ஆட்சியாளனுக்கு எளிது. அவனுக்கு நிலமும் வரியும் வழக்கும் இல்லை. வூல்ஃபின் நேர்மையை ஐயுறாமலே இதனைக் கூறலாம். நேர்மையாளனின் பார்வைக்கும் பதவி ஒரு வரம்பை இட்டுவிடுகின்றது.

இதனினும் பெரிய விடுபாடு ஒன்றுண்டு. சலாப நகரம் கலைந்த பின் அக்கரையில் எஞ்சுவது மணலும் காடும் என்பதே இவ்வெழுத்துக்கள் வாசகனிடத்து விட்டுச்செல்லும் படிமம். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்பன ஊர்ப் பெயர்கள். அரிப்பில் ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகையின் இடிபாட்டைப் பயணநூல்கள் தவறாது குறிப்பிடும். அதனருகே மீன்பிடித்து வாழும் ஊரை ஒரு வரியிற் கடந்துவிடும். சலாபத்தில் வேலை செய்த சொற்களும் உள்ளூர்ச் சொற்களே. தம் பணியிடத்தைக் குறிக்கக் கொட்டு என்னும் சொல்லை வூல்ஃப் அப்படியே எடுத்தாள்கின்றார். சொல் அவருடைய நூலினுள் வந்தது. அச்சொல்லுக்குரியவர் வாசலிலேயே நின்றுவிட்டனர்.

மன்னார் தன் புதியவர்களை எவ்வாறு கண்டது என்பதை அறிய வேறு நூல்களைத் திறக்கவேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்' ஆகியன இவ்வகையில் மீள வாசிக்கத்தக்கவை. நாட்டுக்கூத்து ஆய்வாளர் இவற்றை மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் பகுப்புக்குள் வைத்து ஆராய்ந்துள்ளனர். அவற்றின் பொருளை நோக்கியோர் குறைவு. ஐரோப்பியப் பேரரசன் ஹென்றி இங்கு எண்டிறீக்கு ஆகின்றான். 'இம்பெரடோர்' என்னும் போர்த்துக்கேயப் பட்டம் எம்பரதோர் ஆகின்றது. பேரரசனே மாதோட்டத்து மேடைக்குப் புதியவனாக வந்து, கொலுவில் தன்னைத் தானே அறிமுகஞ் செய்து, விருத்தமும் தருவும் பாடக் கற்றுக்கொள்கின்றான். அடக்கியாள வந்த சமயமும் அரசியலும் ஊராரின் குரலுக்கும் அண்ணாவியாரின் தாளத்துக்கும் அமைந்து நடக்கின்றன. இதனை வெறும் மதப் பிரசாரம் என்று ஒதுக்கும் விமரிசனம் மேடையைப் பாராது கதையை மட்டும் பார்க்கின்றது.

'மூவிராசாக்கள்' இன்னும் பொருத்தமானது. அது புதியவர்களைப் பற்றிய நாடகமே. கீழ்த்திசை அரசர் மூவர் விண்மீனைப் பின்பற்றி அறியாத நாட்டுக்கு வருகின்றனர். வழி தெரியாது அந்நாட்டு மன்னன் ஏரோதிடமே கேட்கின்றனர். அரண்மனை தரும் அறிவு அங்கே ஆபத்தானது. வந்தவர் வேறு வழியாகத் தம் நாடு திரும்புவது வரைக்கும் விவிலியக் கதை செல்லும். கச்சேரியினூடாக ஊரை அறிந்த அலுவலரின் எழுத்துக்களோடு இந்நாடகத்தை ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. புதியவன் எவரிடம் வழி கேட்கின்றான் என்பதே அவன் அறிவின் தன்மையைத் தீர்மானிக்கின்றது என்பதை ஊர்க்கூத்து அறிந்திருந்தது.

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதற்கில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவு ஊர்களும் முசலிப் பகுதியின் ஊர்களும் வெறுமையாயின. மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஏதிலிகளாக வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின் திரும்பியோர், வீடிருந்த இடத்தில் மரங்கள் ஓங்கி நிற்கக் கண்டனர். 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2015இல் வில்பத்துவின் பெயரால் எழுந்த சர்ச்சையில், திரும்பி வந்தோர் காட்டை அழிக்கும் புதியவர் எனத் தென்னிலங்கை ஊடகங்கள் பலவற்றிற் சித்திரிக்கப்பட்டனர். காட்டைக் காப்பது வேண்டற்பாலதே. எந்த மரம் எப்போது வெட்டப்பட்டது என்பது ஆவணங்களைக் கொண்டு தீர்க்கவேண்டிய வழக்கு. ஆனால் மறிச்சுக்கட்டி என்றதும் ஆளற்ற காட்டையே முதலிற் காணும் கண்ணுக்கு நெடிய வரலாறு உண்டு. கிணற்றையும் பள்ளிவாசலின் அத்திவாரத்தையும் மையவாடியையும் காட்டி ஊர் இருந்தது என நிறுவவேண்டிய பொறுப்பு ஊரார் தலையிலேயே விழுந்தது.

இன்று மன்னாருக்கு வரும் பயணி பாலத்தைக் கடந்து, பள்ளிமுனையிற் பெருக்க மரத்தைக் கண்டு, தெருவில் நிற்கும் கழுதைகளைப் படம்பிடித்து, தென்கரையிற் சுழலும் காற்றாலைகளை வியந்து, தலைமன்னாரில் இறங்குதுறையின் எச்சத்தோடு திரும்புகின்றார். அவ்வாறெழும் பத்திரிகைக் கட்டுரைகள் ரெனன்றின் பட்டியலைப் புதுப்பிக்கின்றனவேயன்றி வேறொன்றும் செய்வதில்லை. அவற்றைப் பற்றி மேலும் கூறத் தேவையில்லை. கவனிக்கவேண்டிய புதியவர் வேறொருவர்: புத்தளத்தில் ஏதிலிக் குடியிருப்பிற் பிறந்து, பெற்றோர் சொல்லக் கேட்ட ஊருக்கு முதன்முதலாக வந்து சேரும் இளைஞர். அவர் கேள்வியால் அறிந்தவர், சம்பந்தரைப் போல; கரையிற் புதிதாய் நிற்பவர், வூல்ஃபைப் போல; ஆயின் ஊருக்கு உரியவர். இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடிய பார்வைக்கு மேற்கூறிய எந்த நூலும் முன்மாதிரியாகாது. கடலடிப் பாறைத்திட்டைக் குறிக்கும் பார் என்னும் சொல்லை அவர் ஆங்கில அறிக்கையிற் படித்தறியவேண்டியதில்லை. 1990க்கு முன் அக்கடலிற் தொழில் செய்த தந்தையார் இன்னும் வீட்டில் இருக்கின்றார்.